கையால் கட்டும் ப்ரீஆம்புக்கு எந்த வால்வு?

கேள்வி இது: டிஜிட்டல் பக்கம் ஒரு டிஏசி (டிஜிட்டல் இசையை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி), அனலாக் பக்கம் எம்எம் (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜ் போட்ட ஒரு ரெக்கார்ட் பிளேயர். பவர் ஆம்ப் டிரான்சிஸ்டர் வகை, அதன் இன்புட் இம்பீடன்ஸ் (சிக்னலுக்குத் தரும் எதிர்ப்பு) 10 கிலோஓம். நடுவே வைக்க வால்வு ப்ரீஆம்ப் ஒன்றைக் கையால் கட்ட வேண்டும். ஒருவர் 12ஏஎக்ஸ்7 வால்வு போதும் என்கிறார். இன்னொருவர் இசிசி88 இல்லாமல் ஹை-ஃபை இல்லை என்கிறார். மூன்றாமவர் பழைய ஜெர்மன் டெலிஃபுங்கன் வால்வு கிடைத்தால் மட்டும் கட்டச் சொல்கிறார். எதை வாங்குவது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைன் ஸ்டேஜுக்கு, அதாவது டிஏசி மாதிரி மூலங்களின் சிக்னலைப் பவர் ஆம்புக்கு அனுப்பும் பகுதிக்கு, 6எஸ்என்7. சிறிய 9 பின் சாக்கெட் வேண்டுமென்றால் அதே குணமுள்ள 6சிஜி7. கார்ட்ரிட்ஜின் சிறு சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜுக்கு 12ஏஎக்ஸ்7. எல்லாமே இப்போது தயாராகும் சாதாரண வால்வுகளாக இருக்கட்டும். பழைய சரக்குக்கு இப்போது பணம் போட வேண்டாம். இந்த முடிவு எப்படி வருகிறது என்று தெரிந்தால், நாளைக்கு உங்கள் பவர் ஆம்போ கார்ட்ரிட்ஜோ மாறும்போது நீங்களே வேறு முடிவுக்கு வர முடியும். அதனால் காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

வால்வைத் தேர்ந்தெடுக்கும்போது கடைசியிலிருந்து முன்னோக்கி வர வேண்டும். பவர் ஆம்ப் என்ன கேட்கிறது, இடையில் எத்தனை மீட்டர் கேபிள், மூலத்திலிருந்து எவ்வளவு வோல்ட் வருகிறது, இந்த மூன்றும் தெரிந்த பிறகுதான் வால்வின் பெயருக்கே வர வேண்டும். "எந்த வால்வின் ஒலி இனிமை?" என்று தொடங்கினால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். எல்லோரும் அவரவர் சர்க்யூட்டில் கேட்டதைத்தான் சொல்கிறார்கள், உங்கள் சர்க்யூட்டில் அல்ல.

முதலில் கெயின், அதாவது எத்தனை மடங்கு பெருக்கம் என்பது. டிஏசி, சிடி பிளேயர் எல்லாம் முழு அளவில் 2 வோல்ட் தருகின்றன. பெரும்பாலான பவர் ஆம்புகள் முழு சக்தி தர 1 முதல் 2 வோல்ட் வரை போதும். அப்படியானால் டிஏசிக்குப் பெருக்கமே தேவையில்லை என்றுகூடச் சொல்லலாம். குறைந்த ஒலியளவில் பதிவான இசையும், ஃபோனோ ஸ்டேஜிலிருந்து வரும் அரை வோல்ட் சிக்னலும் இருப்பதால் கொஞ்சம் இடம் விட்டு 3 அல்லது 4 மடங்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் லைன் ஸ்டேஜில் வரும் கெயின் முழுவதும் உபத்திரவம்.

இப்போது 12ஏஎக்ஸ்7 ஐ அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அதன் மியூ, அதாவது வால்வு தரக்கூடிய உச்சப் பெருக்கம், 100. 250 வோல்ட் ஹெச்டி (வால்வுக்கான உயர் வோல்டேஜ் சப்ளை), 100 கிலோஓம் பிளேட் ரெசிஸ்டர், கெப்பாசிட்டரால் பைபாஸ் செய்த 1.5 கிலோஓம் கேத்தோடு ரெசிஸ்டர் என்று எல்லோரும் போடும் சர்க்யூட்டில் கெயின் சுமார் 60 மடங்கு வரும். வால்யூம் கன்ட்ரோலைப் பத்தில் ஒரு பங்கு திருப்புவதற்குள் வீடு அதிரும். அந்த ஆரம்பப் பகுதியில்தான் சாதாரண இரட்டை வால்யூம் பாட்களின் இடது வலது பொருத்தம் மிக மோசமாக இருக்கும், அதனால் பாடகர் குரல் ஒரு பக்கம் சாயும். இரைச்சலும் கூடும். வால்வின் இன்புட்டில் 2 மைக்ரோவோல்ட் இரைச்சல் என்று வைத்தால், 60 மடங்கு பெருகி 120 மைக்ரோவோல்ட்டாக வெளியே வரும். பவர் ஆம்ப் அதை இன்னும் 20 மடங்கு பெருக்கி ஸ்பீக்கரில் 2.4 மில்லிவோல்ட் ஆக்கும். வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் இது குறையாது, ஏனென்றால் வால்யூம் கன்ட்ரோல் வால்வுக்கு முன்னால் இருக்கிறது. சென்சிட்டிவிட்டி அதிகமான ஸ்பீக்கர் வைத்திருப்பவர் இரவில் அந்த "ஸ்ஸ்" சத்தத்தைத் தெளிவாகக் கேட்பார்.

வால்யூம் கன்ட்ரோலை வால்வுக்குப் பின்னால் வைக்கலாமே என்றால் அதுவும் முடியாது. இந்த அமைப்பில் 12ஏஎக்ஸ்7 இன் கிரிட் பயாஸ், அதாவது சிக்னல் நுழையும் கிரிட்டைக் கேத்தோடைவிட நெகட்டிவாக வைத்திருக்கும் வோல்டேஜ், ஒன்றரை வோல்ட்டுக்கும் குறைவு. 2 வோல்ட் ஆர்எம்எஸ் சிக்னலின் உச்சி 2.8 வோல்ட். கிரிட் பாசிட்டிவ் ஆகி, உச்சிகள் வெட்டுப்படும்.

அடுத்தது அவுட்புட் இம்பீடன்ஸ். வால்வுக்காரர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். 12ஏஎக்ஸ்7 இன் பிளேட் ரெசிஸ்டன்ஸ், அதாவது வால்வின் உள் எதிர்ப்பு, சுமார் 62 கிலோஓம். அதோடு 100 கிலோஓம் பிளேட் ரெசிஸ்டர் பேரலலில் சேர்ந்தால் அவுட்புட் இம்பீடன்ஸ் 38 கிலோஓம் ஆகிறது. உங்கள் பவர் ஆம்ப் 10 கிலோஓம். சிக்னலில் ஐந்தில் நான்கு பங்கு வால்வுக்குள்ளேயே தொலைந்துபோகும், வால்வு செங்குத்தான லோடு லைனில், அதாவது மிகக் கனமான சுமையில், ஓடுவதால் டிஸ்டார்ஷனும் ஏறும். பவர் ஆம்ப் 100 கிலோஓம் ஆக இருந்தாலும் கேபிள் விடாது. மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்ற கணக்கில் 3 மீட்டர் கேபிள் 300 பிகோஃபாரட். 40 கிலோஓம் அளவு இம்பீடன்ஸோடு இது சேர்ந்தால் 13 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் விழுந்துவிடும். "வால்வு என்றால் மேல் சுதி மென்மையாக இருக்கும்" என்று பலர் சொல்வதற்கு இப்படிக் கேபிளில் கரைந்த ட்ரெபிளும் ஒரு காரணம். அந்தப் பெருமை வால்வுக்குச் சேராது.

இந்த இரண்டு கணக்கையும் 6எஸ்என்7 க்குப் போட்டுப் பாருங்கள். மியூ 20, பிளேட் ரெசிஸ்டன்ஸ் டேட்டாஷீட் புள்ளியில் 7.7 கிலோஓம். 250 வோல்ட் ஹெச்டி, 33 கிலோஓம் பிளேட் ரெசிஸ்டர், 820 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர். கரண்ட் 4 மில்லிஆம்பியர் சுற்றி நிற்கும், பிளேட்டில் 118 வோல்ட், கேத்தோடில் 3.3 வோல்ட் அளவு. வால்வு தாங்கும் 2.5 வாட்டில் அரை வாட்டுக்கும் குறைவாகத்தான் சூடு, ஆயுளுக்குக் கவலையில்லை. 2 வோல்ட் சிக்னலின் உச்சி பயாஸுக்குள் அடங்குகிறது. பைபாஸ் கெப்பாசிட்டர் போட்டால் கெயின் 15, போடாவிட்டால் 11. இன்னும் அதிகம்தான், அதைக் குறைக்கும் வழியைக் கீழே சொல்கிறேன். பைபாஸ் போட்ட நிலையில் அவுட்புட் இம்பீடன்ஸ் 8 கிலோஓம் அளவு, 38 உடன் ஒப்பிட்டால் வேறு உலகம்.

இந்த வால்வை நான் முதலில் நிறுத்துவதற்கு இன்னொரு காரணம் அதன் நேர்கோட்டுத் தன்மை. பிளேட் கர்வ்களை விரித்து வைத்துப் பாருங்கள், கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் வெகுதூரத்துக்குச் சமமாகவே போகும். ஃபீட்பேக் இல்லாமலே டிஸ்டார்ஷன் குறைவு. இருப்பதும் பெரும்பாலும் இரண்டாவது ஹார்மானிக். காதுக்கு மிகக் குறைவாக உறுத்துவது அதுதான். 12ஏயு7 உம் எண்களில் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது: மியூ 17, பிளேட் ரெசிஸ்டன்ஸ் அதே 7.7 கிலோஓம். ஆனால் அதே வேலைக்கு அதன் டிஸ்டார்ஷன் பொதுவாகக் கூடுதலாகவே அளவிடப்படுகிறது. இடம், விலை காரணமாக 12ஏயு7 போடுபவரைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் கையால் கட்டுபவருக்கு 6எஸ்என்7 இன் பெரிய 8 பின் ஆக்டல் சாக்கெட்டுக்கு இடம் கொடுப்பது ஒரு சிரமமா? 6சிஜி7, அதன் இரட்டையான 6எஃப்க்யூ7 இரண்டும் டெலிவிஷனுக்காக ஏராளமாகத் தயாரானவை. 6எஸ்என்7 இன் குணமே சிறிய குப்பிக்குள் இருக்கிறது. சோவியத் 6என்8எஸ் உம் அதே வால்வுதான்.

ஹீட்டர் கரண்டை மட்டும் மறந்துவிடாதீர்கள். 6எஸ்என்7 ஒன்றுக்கு 6.3 வோல்ட்டில் 600 மில்லிஆம்பியர். 12ஏஎக்ஸ்7 கேட்பது அதில் பாதி. டிரான்ஸ்பார்மர் ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதன் மேல் எழுதியிருப்பதை இப்போதே பாருங்கள்.

11 அல்லது 15 ஐ 3 அல்லது 4 க்குக் கொண்டுவர மூன்று வழிகள். ஒன்று, 4:1 ஸ்டெப்-டவுன் அவுட்புட் டிரான்ஸ்பார்மர். கெயின் நான்கில் ஒரு பங்காகும், இம்பீடன்ஸ் பதினாறில் ஒரு பங்காகும், அதாவது இந்தக் கரண்டில் 10 கிலோஓம் அளவாகும் வால்வின் உள் எதிர்ப்பு 600 ஓம் சுற்றி வந்துவிடும். மிக அழகான தீர்வு, ஆனால் டிசி கரண்டைத் தாங்கும் நல்ல டிரான்ஸ்பார்மருக்கு மற்ற எல்லாப் பாகங்களுக்கும் சேர்த்து ஆகும் செலவு ஆகலாம். இரண்டாவது, பிளேட்டிலிருந்து கிரிட்டுக்கு ரெசிஸ்டர் வழியாக ஃபீட்பேக். 100 கிலோஓம் இன்புட் ரெசிஸ்டர், 330 கிலோஓம் ஃபீட்பேக் ரெசிஸ்டர், நடுவில் டிசியைத் தடுக்க ஒரு கெப்பாசிட்டர். விசித்திரமாக, இந்த அமைப்பில் 12ஏஎக்ஸ்7 திடீரென்று நல்ல பிள்ளையாகிவிடுகிறது. தேவையற்ற கெயின் முழுவதும் ஃபீட்பேக்காக மாறி, கெயின் 3 மடங்கில் நிற்கும், அவுட்புட் இம்பீடன்ஸ் 2.5 கிலோஓமுக்கு இறங்கும். இன்புட் ரெசிஸ்டரின் இரைச்சல் கூடுவதுதான் கொடுக்கும் விலை. பவர் ஆம்ப் 50 கிலோஓமுக்கு மேல் இருந்தால் இது மிக நல்ல, மலிவான லைன் ஸ்டேஜ். 12ஏஎக்ஸ்7 ஐ யாரும் முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதினேன்.

மூன்றாவது வழி உங்களுக்கு. 6எஸ்என்7 க்குள் இரண்டு டிரையோடு (தனித்தனியாகப் பெருக்கும் அலகுகள்) இருக்கின்றன. முதலாவது பெருக்கட்டும், இரண்டாவது கேத்தோடு ஃபாலோயராக (பெருக்காமல், கேத்தோடிலிருந்து சிக்னலை எடுக்கும் ஸ்டேஜாக), நடுவில் கெப்பாசிட்டர் இல்லாமல் நேரடியாக இணையட்டும். ஒரு சேனலுக்கு ஒரு வால்வு. ஃபாலோயரின் அவுட்புட் இம்பீடன்ஸ் சில நூறு ஓம்தான், 10 கிலோஓம் பவர் ஆம்பை அது அலட்டாமல் ஓட்டும். மிச்ச கெயினை ஃபாலோயரின் கேத்தோடிலிருந்து முதல் கிரிட்டுக்கு மேலே சொன்ன அதே ரெசிஸ்டர் ஜோடியால் ஃபீட்பேக் கொடுத்துக் குறைத்துவிடலாம். ஃபீட்பேக் பிடிக்காதவர் ஃபாலோயருக்குப் பின்னால் ஒரு நிலையான அட்டெனுவேட்டர் வைக்கலாம். அப்போது வால்வின் இரைச்சலும் சேர்ந்தே குறையும் என்பது கூடுதல் லாபம். அவுட்புட் கெப்பாசிட்டரை இங்கே கணக்குப் போட்டே வாங்குங்கள். 10 கிலோஓம் லோடுக்கு 0.8 மைக்ரோஃபாரட் போட்டால் 20 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும். 4.7 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்கள்.

நேரடியாக இணைத்த ஃபாலோயரில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஹெச்டி டையோடு வழியாக உடனே வந்து, வால்வு இன்னும் சூடாகாமல் இருக்கும்போது ஃபாலோயரின் கிரிட்டில் முழு 250 வோல்ட் நிற்கும், கேத்தோடில் எதுவும் இருக்காது. அந்த மெல்லிய இடைவெளியில் தீப்பொறி பாய்ந்தால் வால்வு கெட்டுவிடும். கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே ஒரு சிறு டையோடு வைத்தால் தீர்ந்தது, வேலை செய்யும்போது அது ரிவர்ஸில் சும்மா இருக்கும். இரண்டாவது, ஃபாலோயரின் கேத்தோடு 120 வோல்ட்டுக்கு மேல் மிதக்கிறது, ஹீட்டர் தரையில் இருக்கிறது. ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் நடுவில் தாங்கக்கூடிய வோல்டேஜ் வால்வுக்கு வால்வு மாறும். 12ஏஎக்ஸ்7, 12ஏயு7 இரண்டும் 180 வோல்ட் தாங்கும், ஆனால் அவற்றின் உடன்பிறப்பான 12ஏடி7 க்கு 90 வோல்ட்தான். ஹெச்டியிலிருந்து இரண்டு ரெசிஸ்டர் போட்டு ஹீட்டர் சப்ளையை 40 முதல் 60 வோல்ட் வரை உயர்த்திவிடுவது நல்ல பழக்கம். ஹம் என்னும் மெயின்ஸ் ரீங்காரமும் அதனால் குறையும்.

இசிசி88, அதாவது 6டிஜே8 பற்றி. அது உண்மையிலேயே அபாரமான வால்வு. மியூ 33, ஜிஎம் (கிரிட்டில் ஒரு வோல்ட் மாறினால் கரண்ட் எவ்வளவு மாறும் என்பது) 12.5 மில்லிஆம்பியர் பெர் வோல்ட், பிளேட் ரெசிஸ்டன்ஸ் 2.6 கிலோஓம் மட்டும். 12ஏஎக்ஸ்7 இன் ஜிஎம் 1.6. வெறும் எண்களைப் பார்த்தால் எல்லோரும் இதைத்தான் வாங்குவார்கள். ஆனால் இது பிறந்தது டெலிவிஷன் ட்யூனருக்காக, 200 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைப் பெருக்க. சாக்கெட்டுக்குப் போகும் ஒரு அங்குல வயர்கூட அதற்கு ஏரியல். கவனமில்லாத வயரிங்கில் சத்தமே இல்லாமல் ரேடியோ அலைவரிசையில் ஆசிலேட் ஆகும், அதாவது தானாகவே அலைவுறும். ஸ்பீக்கரில் நேரடியாக ஒன்றும் கேட்காது. ஒலி மட்டும் மங்கலாக, கரகரப்பாக இருக்கும், கட்டியவர் வால்வின் பிராண்டைக் குறை சொல்வார். மல்டிமீட்டரைக் கேத்தோடில் வைத்துக்கொண்டு குப்பியின் பக்கத்தில் விரலைக் கொண்டுபோங்கள். வோல்டேஜ் அசைந்தால் ஆசிலேஷன்தான். 300 ஓம் முதல் 1 கிலோஓம் வரையுள்ள கிரிட் ஸ்டாப்பர் ரெசிஸ்டரைச் சாக்கெட் பின்னிலேயே, அதன் கம்பி நீளமே மிஞ்சாமல் சால்டர் செய்தால் பெரும்பாலும் அடங்கும். பலகையின் மறு ஓரத்தில் வைத்தால் அந்த ரெசிஸ்டர் இருந்தும் இல்லாத மாதிரி.

இசிசி88 இன் பிளேட் 130 வோல்ட்டுக்கு மேல் தாங்க வடிவமைக்கப்படவில்லை. 90 வோல்ட், 10 முதல் 15 மில்லிஆம்பியர் என்பது அதற்குப் பிடித்த இடம். பழைய 12ஏஎக்ஸ்7 சர்க்யூட்டில் அப்படியே செருகுவதற்கான வால்வு இல்லை இது. செருகவும் கூடாது, ஏனென்றால் ஹீட்டர் பின்களே வேறு. 12ஏஎக்ஸ்7 இல் 4, 5 பின்கள் ஹீட்டரின் இரு முனைகள், 9 அதன் நடு முனை. இசிசி88 இல் 6.3 வோல்ட் ஹீட்டர் 4 க்கும் 5 க்கும் நடுவில், 9 உள்ளே இருக்கும் ஷீல்டு. 12.6 வோல்ட்டுக்கு வயர் செய்த சாக்கெட்டில் இதைச் செருகினால் ஹீட்டர் எரிந்துபோகும். 6.3 வோல்ட்டுக்கு 4, 5 ஐச் சேர்த்து வயர் செய்திருந்தால் ஹீட்டர் ஒளிரவே ஒளிராது. வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சோவியத் 6என்2பி யும் இப்படித்தான், குணத்தில் 12ஏஎக்ஸ்7, ஹீட்டர் பின்களில் இசிசி88. 6என்1பி ஐ இசிசி88 க்கு மாற்று என்று விற்பார்கள், அது 600 மில்லிஆம்பியர் ஹீட்டர் கரண்ட் இழுக்கும் வேறு வால்வு. உண்மையான சோவியத் இணை 6என்23பி.

பெயரைப் படிக்கத் தெரிந்தால் பல பிழைகள் தவிரும். ஐரோப்பிய முறையில் முதல் எழுத்து "இ" என்றால் 6.3 வோல்ட் ஹீட்டர். "பி" என்றால் 300 மில்லிஆம்பியர் வரிசைக்கான ஹீட்டர். "சிசி" இரட்டை டிரையோடு, "எஃப்" பென்டோடு, 8 இல் தொடங்கும் எண் 9 பின் அடித்தளம். எண் எழுத்துகளுக்கு நடுவே வந்தால், இ88சிசி மாதிரி, நீண்ட ஆயுளுக்கான சிறப்புத் தரம். இதில் ஒரு லாபமும் உண்டு. பிசிசி88 என்பது 7 வோல்ட் ஹீட்டர் கொண்ட அதே இசிசி88. டெலிவிஷன் வால்வு என்று பலர் ஒதுக்குவதால் விலை குறைவாகவே இருக்கும். ஹீட்டருக்குத் தனி ரெகுலேட்டர் கட்டும் கைவினைஞருக்கு 7 வோல்ட் ஒரு பிரச்சினையே இல்லை.

இனி ஃபோனோ. இங்கே கணக்கு தலைகீழாகிறது. எம்எம் கார்ட்ரிட்ஜ் தருவது 5 மில்லிவோல்ட் அளவு. 1 கிலோஹெர்ட்ஸில் 100 மடங்கு வேண்டும், ஆர்ஐஏஏ கர்வ் (ரெக்கார்டில் பதியும்போது குறைத்த பேஸைத் திரும்பக் கூட்டும் சீரமைப்பு) காரணமாக 20 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 1000 மடங்கு. லைன் ஸ்டேஜில் உபத்திரவமாக இருந்த 60 மடங்கு இங்கே வரம். இரண்டு 12ஏஎக்ஸ்7 ஸ்டேஜ், நடுவே வெறும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர்களால் ஆன பாசிவ் ஆர்ஐஏஏ நெட்வொர்க் என்றால், அது பத்தில் ஒன்பது பங்கை விழுங்கிய பிறகும் மிச்சம் இருக்கும். இரண்டு இசிசி88 ஸ்டேஜ் போட்டால் 78 மடங்கு, அதாவது 38 டெசிபல்தான் தேறும்.

பாசிவ் ஆர்ஐஏஏயில் வால்வும் நெட்வொர்க்கின் ஒரு பாகம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உதாரணமாக, பெரிய கெப்பாசிட்டரை 10 நானோஃபாரட் என்று எடுத்தால், சீரீஸ் ரெசிஸ்டர் 219 கிலோஓம், இரண்டாவது ரெசிஸ்டர் 31.8 கிலோஓம், சிறிய கெப்பாசிட்டர் 3.43 நானோஃபாரட் என்று வரும். அந்த 219 இல் முதல் வால்வின் 38 கிலோஓம் அடங்கியிருக்கிறது, ஆகவே சால்டர் செய்ய வேண்டியது 180 கிலோஓம்தான். அடுத்த ஸ்டேஜின் கிரிட் லீக் ரெசிஸ்டரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அடுத்த வால்வின் மில்லர் கெப்பாசிட்டன்ஸும் சிறிய கெப்பாசிட்டருக்குப் பேரலலில் வந்து உட்காரும். 12ஏஎக்ஸ்7 இல் பிளேட்டுக்கும் கிரிட்டுக்கும் நடுவே இருப்பது வெறும் 1.6 பிகோஃபாரட், ஆனால் 60 மடங்கு கெயின் அதை 100 பிகோஃபாரட்டாக ஊதிக் காட்டும். 3.43 நானோஃபாரட்டில் அது 3 சதவீதம், கழித்துவிட்டுத்தான் கெப்பாசிட்டர் எடுக்க வேண்டும். வால்வு வயதாகி அதன் பிளேட் ரெசிஸ்டன்ஸ் 20 சதவீதம் மாறினால், 219 இல் 2 சதவீதம் நகரும். அது சகிக்கக்கூடியதே.

அதே 100 பிகோஃபாரட் முதல் ஸ்டேஜில் கார்ட்ரிட்ஜின் மேல் விழுகிறது. டோன்ஆர்ம் வயரும் கேபிளும் ஏற்கெனவே 100 முதல் 150 பிகோஃபாரட் வைத்திருக்கும். ஆடியோ-டெக்னிகாவின் பல எம்எம் கார்ட்ரிட்ஜுகள் மொத்தமாக 100 முதல் 200 பிகோஃபாரட்தான் கேட்கின்றன. ஆர்டோஃபோன் 2எம் வரிசை 150 முதல் 300 வரை ஏற்கும். வரம்பு தாண்டினால் கார்ட்ரிட்ஜின் காயிலும் இந்தக் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து மேல் அதிர்வெண்களில் ஒரு மேட்டை உருவாக்கும், அதற்குப் பின் சட்டென்று விழும். சிம்பல் ஒலி கண்ணாடி உடைவது மாதிரிக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதை. குட்டைக் கேபிள் போடுங்கள், தனியாகக் கெப்பாசிட்டர் எதுவும் சேர்க்காதீர்கள். அப்படியும் கூடுதலாக இருந்தால் முதல் ஸ்டேஜில் மட்டும் இசிசி88 போடலாம், அதன் மொத்த இன்புட் கெப்பாசிட்டன்ஸ் 45 பிகோஃபாரட் அளவுதான். முதலில் இசிசி88, இரண்டாவது 12ஏஎக்ஸ்7 என்ற ஜோடியில் கெயினும் 44 டெசிபல் வரும். கை பழகிய பின் கட்ட வேண்டிய ஃபோனோ இதுதான் என்பது என் எண்ணம். முதல் முறைக்கு இரண்டிலும் 12ஏஎக்ஸ்7 போதும், அதில் தீங்கொன்றும் இல்லை.

இரைச்சலைப் பொறுத்தவரை ஜிஎம் அதிகமான வால்வு அமைதியானது என்பது கொள்கை. டிரையோடின் இரைச்சல் ஏறத்தாழ 2.5 ஐ ஜிஎம்மால் வகுத்தால் வரும் ரெசிஸ்டருக்குச் சமம்: 12ஏஎக்ஸ்7 க்கு 1500 ஓம் சுற்றி, இசிசி88 க்கு 200 ஓம். ஆனால் எம்எம் கார்ட்ரிட்ஜின் காயிலுக்கே பொதுவாக 500 ஓம் சுற்றியோ அதற்கு மேலோ இருக்கும், அதன் இண்டக்டன்ஸும் சேரும்போது இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி மறைந்துவிடும். கீழ் அதிர்வெண்களில் ஃப்ளிக்கர் இரைச்சல் வேறு உண்டு, அது ஒரே பெட்டியில் வந்த இரண்டு வால்வுகளுக்கு நடுவிலேயே மாறும். ஆகவே ஃபோனோவின் முதல் இடத்துக்குக் கூடுதலாக நான்கைந்து வால்வு வாங்கி, ஒவ்வொன்றாகச் செருகிக் கேட்டு, மிக அமைதியான இரண்டை அங்கே வைத்துக்கொண்டு மீதியை இரண்டாம் ஸ்டேஜுக்குத் தள்ளுங்கள். பிராண்டைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட இது பல மடங்கு பலன் தரும். எம்சி (மூவிங் காயில்) கார்ட்ரிட்ஜுக்கு மாறினால் ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் வையுங்கள், வால்வை மாற்றி அதைச் சமாளிக்க முயல வேண்டாம்.

ஹம் ஃபோனோவில் பெரிய எதிரி. 50 ஹெர்ட்ஸில் கெயின் 700 மடங்கு. முதல் கிரிட்டில் ஹீட்டரிலிருந்து 1 மைக்ரோவோல்ட் கசிந்தாலும் வெளியே 700. ஃபோனோ வால்வுகளுக்கு ரெகுலேட் செய்த டிசி ஹீட்டர் போடுங்கள். லைன் ஸ்டேஜுக்கு நன்றாக முறுக்கிய வயரில் ஏசியே போதும்.

மைக்ரோஃபோனிக்ஸை, அதாவது அதிர்வை வால்வு சத்தமாக மாற்றும் குறையை, சோதிக்கும் முறை எளிது. வால்யூமைப் பாதி வைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் குப்பியின் பக்கவாட்டில் லேசாகத் தட்டுங்கள். நல்ல வால்வில் "டொக்" என்று மந்தமாகக் கேட்டு உடனே அடங்கும். கெட்டதில் "டிங்ங்" என்று உலோகச் சத்தம் எழுந்து ஒரு நொடி நீளும். எல்லா வால்விலும் கொஞ்சம் கேட்கும், நீளும் சத்தம்தான் குறை. சாக்கெட்டை ரப்பர் வாஷரில் மிதக்கவிட்டால் பாதி குறையும்.

இப்போது பழைய சரக்கு. டெலிஃபுங்கன், மல்லார்ட், ஆம்பெரெக்ஸ், சில்வேனியா தயாரித்தவை மிக நல்ல வால்வுகள், அதில் எனக்கு ஐயமே இல்லை. கேத்தோடு பூச்சும், கிரிட் சுற்றிய துல்லியமும் அந்தத் தொழிற்சாலைகளில் பல கோடி வால்வு செய்து கைவந்தவை. ஆனால் அந்த மேன்மை இரைச்சலிலும் ஆயுளிலும் இரு பக்கச் சமநிலையிலும்தான் முக்கியமாகத் தெரியும். தவறான லோடில் ஓடும் சர்க்யூட்டை எந்த டெலிஃபுங்கனும் காப்பாற்றாது. 12ஏஎக்ஸ்7 சாக்கெட்டில் 12ஏயு7 ஐச் செருகிக் கேட்டுவிட்டு "இதன் ஒலி வேறு" என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். 100 கிலோஓம் ரெசிஸ்டருக்குப் பின்னால் அந்த வால்வு 2 மில்லிஆம்பியருக்கும் குறைவாக, பிளேட்டில் 75 வோல்ட் சுற்றி மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். அவர்கள் கேட்டது அந்த நிலையின் ஒலி, வால்வின் ஒலி அல்ல.

போலியும் ஏராளம். டெலிஃபுங்கன் 9 பின் வால்வுகளின் அடிக் கண்ணாடியில், பின்களுக்கு நடுவே, சாய்சதுரக் குறி அச்சில் வார்த்திருக்கும். மேலே உள்ள எழுத்து அழியும், மாற்றி அச்சிடவும் முடியும், அதனால் அடியைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். குப்பியின் உச்சியில் வெள்ளி நிறப் பூச்சு கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும். அது பால் வெள்ளையாக இருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வால்வு முடிந்தது. ஓரங்கள் தேய்ந்து பழுப்பாகத் தெரிந்தால் நிறைய உழைத்திருக்கலாம். சில பழைய ஐரோப்பிய வால்வுகளின் ஹீட்டர் சுவிட்ச் போட்டதும் ஒரு கணம் பளிச்சென்று வெள்ளையாக ஒளிரும். அது பழுதில்லை, பயந்து திருப்பி அனுப்ப வேண்டாம்.

இன்றைய தயாரிப்பில் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவின் சராதோவ் தொழிற்சாலையிலிருந்து எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், டங்-சோல், சோவ்டெக் என்ற பல பெயர்களில் வருபவை, சீனத் தயாரிப்புகள் என்று மூன்று வழி. ஒரே தொழிற்சாலைக்குப் பல பிராண்டுப் பெயர் என்பதை நினைவில் வையுங்கள். தங்கம் பூசிய பின்னுக்குக் கூடுதல் பணம் தருவதைவிட, அந்தப் பணத்தில் ஒரு உபரி வால்வு வாங்குவது மேல்.

கட்டி முடித்ததும் வால்வைச் செருகாமல் ஹெச்டியை அளந்து பாருங்கள். ஃபில்டர் கெப்பாசிட்டர்களின் குறுக்கே, தேங்கிய சார்ஜை வடிக்கும் ப்ளீடர் ரெசிஸ்டர் கட்டாயம் இருக்க வேண்டும், அணைத்த பிறகும் மீட்டர் 10 வோல்ட்டுக்குக் கீழே காட்டும் வரை கையை உள்ளே விடாதீர்கள். 250 வோல்ட் டிசி உயிரை எடுக்கும். அவுட்புட்டில் 45 நொடி தாமதம் தரும் ரிலே ஒன்று வையுங்கள். இல்லாவிட்டால் சூடாகும்போது கேத்தோடில் எழும் வோல்டேஜ் கெப்பாசிட்டர் வழியாகப் பவர் ஆம்புக்குள் ஒரே குத்தாகப் பாயும். ஹீட்டரை மட்டும் எரியவிட்டு ஹெச்டியை அணைக்கும் ஸ்டாண்ட்பை சுவிட்ச் வேண்டாம், கரண்ட் இல்லாமல் நெடுநேரம் சூடாக இருக்கும் கேத்தோடில் ஒரு ரெசிஸ்டிவ் படலம் உருவாகி வால்வு வலுவிழக்கும்.

பிறகு வால்வைச் செருகி, பவர் ஆம்பை இணைக்காமல், 10 நிமிடம் கழித்து முதல் டிரையோடுகளின் 820 ஓம் ரெசிஸ்டருக்குக் குறுக்கே அளந்து பாருங்கள். 3.1 முதல் 3.6 வோல்ட்டுக்குள் இருந்தால் சரியாக ஓடுகிறது. இரண்டு சேனலுக்கும் நடுவே கால் வோல்ட் வித்தியாசம் இயல்பு. அதற்கு மேல் போனால் வால்வுகளை இடம் மாற்றிச் செருகுங்கள். வித்தியாசம் வால்வோடு நகர்ந்தால் வால்வு, அதே இடத்தில் நின்றால் உங்கள் சால்டரிங்.